ஆஸ்பத்திரி பிளான் கீறுவதற்கு முன் ஒருதரம் லயத்துக்கு வாருங்கள்

போன மாதம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதோடு முழங்கால் வலி. முப்பது வருஷம் மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த கால்கள் அவை.

காலை 4.30க்குப் புறப்பட்டு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கி, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது ஏழேகால். நம்பர் துண்டு, டொக்டர், மருந்து எல்லாம் கீழ்க் கட்டடத்தில். இரத்தம் சோதிக்கிற இடம் மட்டும் மேல் கட்டடத்தில், பழைய வார்டுக்குப் பின்னால். நடுவில் 47 படி. கூரை கிடையாது. அன்றைக்கு நல்ல மழை. கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பைக்குள் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறினார் அம்மா. ஒன்பதாவது படியோடு கம்பி முடிந்துவிட்டது. அதற்கு மேல் என் தோள்தான். இரத்தம் கொடுக்க ஒரு தடவை, ரிப்போர்ட் எடுக்க இன்னொரு தடவை. ஆக ஏறியது 94 படி, இறங்கியதும் 94.

அங்கே யாரும் எங்களைக் கடிந்து பேசவில்லை. தாதி அன்பாகத்தான் நடந்துகொண்டார், டொக்டரும் பொறுமையாகக் கேட்டார். ஆனால் வீட்டுக்கு வந்த அம்மா இரண்டு நாள் எழும்பவில்லை. "இனி கிளினிக் வேணாம்பா, மருந்த மட்டும் எப்படியாவது வாங்கிக் குடு" என்கிறார். இரத்தம் பார்க்காமல் சீனிக்கு மருந்து விழுங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காலில் ஒரு சின்னப் புண் வந்தால் போதும். நல்ல டொக்டரும் இருந்து, மருந்தும் இருந்து, இடையில் இருக்கிற 47 படியால் ஒரு மனுஷி சிகிச்சையையே விட்டுவிடப் பார்க்கிறார். இதைத்தான் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பிளான் கீறிச் சாப்பிடுகிறவன். ஆஸ்பத்திரி கீறியதில்லை, வீடுகளும் கடைகளும்தான். ஒரு வீட்டுக்குக் கீறும்போதே முதலில் கேட்பது, வீட்டில் யார் யார், பாட்டி இருக்கிறாரா, அவரால் மாடி ஏற முடியுமா என்பதைத்தான். ஆஸ்பத்திரி என்று வந்தால் பேச்சு எத்தனை கட்டில், எத்தனை மாடி, எவ்வளவு காசு என்று தொடங்குகிறது. அங்கே வருகிறவர் எந்த வாசலால் வருவார், எதற்குப் பிறகு எங்கே போவார், எத்தனை மணிக்கு அவருக்குக் கடைசி பஸ் என்பதெல்லாம் கட்டடம் எழும்பிய பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

சாய்தளம் போட்டால் சரிதானே என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். நம் இலங்கையில் பொதுக் கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் போய்வரும் வசதி செய்ய வேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. சக்கர நாற்காலி பாதுகாப்பாகப் போக, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொது அளவு. ஒரு படி ஆறு அங்குலம் என்று வைத்தால் 47 படி இருபத்து மூன்றரை அடி உயரம். சாய்தளம் 282 அடி ஓட வேண்டும், நடுவில் இளைப்பாறும் தட்டுகள் வேறு. கட்டி முடித்த மலைச்சரிவில் அதற்கு எங்கே இடம் தேடுவது? அதனால் எது எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். ஒரு நோயாளி ஒரே காலையில் போக வேண்டிய இடங்களை ஒரே மட்டத்தில் வையுங்கள். ஸ்டோர், அலுவலகம், கூட்ட அறை மேலே போகட்டும். எங்கள் மலைகளில் ரோட்டு வெட்டியவர்கள் மலையின் வளைவோடு வளைந்துதான் வெட்டினார்கள், அதனால்தான் கொழுந்து லொறி இன்றைக்கும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. கட்டடமும் அப்படி வளைவோடு நீண்டு போகலாம். மலையையும் அதிகம் வெட்ட வேண்டியதில்லை. 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த நமக்கு, மலையை வெட்டுவதென்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அப்புறம் அந்த லொறி விஷயம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆனால் பல தோட்டங்களில் லயம் வரைக்கும் அது ஏற முடியாது. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிவந்து, த்ரீவீலிலோ தோட்டத்து லொறியிலோ ஏற்றித்தான் கொண்டுபோகிறோம். பக்கத்து லயத்து அக்காவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனபோது, அவசரப் பிரிவு வாசலின் முகப்புக் கூரை தாழ்வாக இருந்ததால் லொறி உள்ளே நுழையவில்லை. வெளியே நிறுத்தி, மழையில் இறக்கி, கம்பளியோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். கூரையை இன்னும் மூன்றடி உயர்த்திக் கீறுவதற்கு எவ்வளவு செலவு வந்திருக்கும்? கீறியவருக்குத் தோட்டத்து லொறியில் நோயாளி வருவார் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வார்டுகளுக்கு வருகிறேன். ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லீற்றர், காச நோய் மாதிரி காற்றால் பரவும் நோய்க்கான அறையில் 160 லீற்றர் காற்று மாற வேண்டும் என்று 2009இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஜன்னலைத் திறந்து வைத்தால் அது கிடைக்கலாம். ஆனால் ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவில் இரவு ஒன்பது மணிக்கு யார் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள்? குளிருக்கு எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு ஒரே காற்றை எல்லோரும் மூச்சு விடுகிறோம். கீழ்நாட்டு வெயிலுக்குக் கீறிய ஜன்னல் இங்கே வேலை செய்யாது. கட்டிலுக்கு மேலே, கூரையை ஒட்டி, சாரல் அடிக்காமல் காற்று போகிற திறப்புகள் வேண்டும்.

ருவாண்டாவும் மலைநாடுதான். அங்கே புட்டாரோ என்ற இடத்தில் 2011இல் திறந்த ஆஸ்பத்திரியில் உள் நடைபாதைகளை எடுத்துவிட்டு, திறந்த வராந்தாக்களாக வெளியே வைத்தார்கள். இருமுகிறவரும் இருமாதவரும் மூடிய நடைபாதையில் நெருக்கியடித்துக் காத்திருக்கக் கூடாது என்பதுதான் காரணம். கட்டில்களை ஜன்னல் பார்த்துத் திருப்பினார்கள், அந்த மலையின் எரிமலைக் கல்லையே சுவருக்கு எடுத்தார்கள், ஊர்க்காரர்களையே வேலைக்கு வைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தோட்டத்துப் பழைய டிஸ்பென்சரி ஞாபகம் வந்தது. அதிலும் நீளமான வராந்தா இருந்தது.

காத்திருக்கிற இடத்தைப் பற்றி ஒன்று. எல்லாக் கிளினிக்கும் ஒரே காலையில் என்றால் எவ்வளவு பெரிய மண்டபம் கட்டினாலும் காணாது. தூரத் தோட்டங்களுக்குப் பத்து மணி, டவுன்காரருக்கு எட்டு மணி என்று பஸ்ஸைப் பார்த்து நேரம் ஒதுக்கினால் உட்காருகிற வாங்கு பாதி இருந்தாலே போதும். 2020 கொரோனாக் காலத்தில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்களே, அப்போது வரிசை எங்கே போனது? வேலை எப்படி நடக்கப் போகிறது என்று தீர்மானிக்காமல் சுவரின் நீளத்தைத் தீர்மானிக்க முடியாது. பிளான் கீறுகிறவரும் கிளினிக் நடத்துகிற தாதியும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

துணைக்கு வருகிறவர்களுக்கும் ஓர் அறை வேண்டும். கடைசி பஸ் போன பிறகு அவர்கள் எங்கே போவார்கள்? வார்டு வாசல் சீமெந்துத் தரையில் அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்திருக்கிறேன். அந்தக் குளிர் எலும்புக்குள் போகும்.

புதுக் கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்திய உதவியில் 150 கட்டிலோடு 2017 மே மாதம் டிக்கோயாவில் ஆஸ்பத்திரி திறந்தபோது எங்கள் ஆட்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னும் பல வர வேண்டும். வரும்போது கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணையும் அந்த மேசைக்குக் கூப்பிடுங்கள், தமிழில் கேளுங்கள்.

அம்மாவை எப்படியோ சம்மதிக்க வைத்துவிட்டேன். அடுத்த கிளினிக் 18ஆம் திகதி. சுகாதாரத் திட்டமிடலிலோ கட்டடப் பிரிவிலோ வேலை செய்கிறவர் யாராவது இதை வாசித்தால், எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். முந்தின நாள் எங்கள் வீட்டில் தங்கலாம். காலையில் அம்மா பிளேன்டி ஊற்றித் தருவார், 4.30க்குச் சேர்ந்து இறங்குவோம்.