ஹேண்டில்பாரை உயர்த்தும்போது கேபிள் நீளம்: ஒரு திருத்தம்

“உயரம் மாற்றக்கூடிய ஹேண்டில்பாரை வாங்கி போல்ட்டை முடுக்கினால் போதும், கேபிள்களைத் தொடவே வேண்டாம்” என்று சொல்லப்படுவது எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தாது, ஆபத்தானதும்கூட. கைப்பிடியைச் சில சென்டிமீட்டர் உயர்த்தினாலே கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்) ஆகியவற்றின் தளர்வு குறைந்துவிடும் என்பதால், நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தே தீரவேண்டும். அப்போது எஞ்சின் வேகம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். என் வண்டியில் இடப்பக்கம் திருப்பியபோது அப்படித்தான் ஏறியது. பிரேக் ஹோஸ் விறைத்து நின்றால், நீளமான ஹோஸ் போடாமல் வண்டியை எடுக்கவே கூடாது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாகக் கவ்வி நிற்கும் கிளிப்-ஆன் வகை ஹேண்டில் என்றால், அந்தக் குழாயின் விட்டத்தையும் அளந்து வாங்க வேண்டும், 43 மி.மீ. கிளாம்ப் 41 மி.மீ. குழாயைச் சரியாகப் பிடிக்காது.