மூலைக்கு ஒரு நாள்

நம் கோயிலின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கிற எல்லாரும் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். கோயில் பக்கவாட்டுச் சுவர். இரண்டு முனையிலும் படிக்கட்டு மாதிரி ஏறி நிற்கும் கொஞ்சம் செங்கல், நடுவில் ஒன்றும் இல்லை. பின்னால் இருந்து, அதைக் கட்டிய கொத்தனார் மாமாவைக் கேலி செய்யும் ஒரு குரல்: "ஒரு நாள் கூலி வாங்கிட்டு இவ்வளவுதான் வேலை. கல்ல அடுக்குறதுக்கு இவ்வளவு நேரமா?" கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். எண்ணிப் பார்த்தேன், 27. அதில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று கோயில் இருக்கிற செந்தூலுக்குப் போய் அந்தச் சுவரை நேரில் பார்த்தேன். இனிமேல் பேசாமல் இருக்க முடியாது.

கல்லை அடுக்குவது வேறு, சுவர் எழுப்புவது வேறு. நீங்கள் படம் பிடித்துச் சிரித்த அந்த இரண்டு மூலைதான் சுவர். நடுவில் வருவதெல்லாம் அந்த மூலைகள் சொன்னபடி வந்து உட்கார வேண்டிய கற்கள்.

எப்படி என்று சொல்கிறேன், தெரிந்துகொண்டு பேசுங்கள். செங்கல்லின் நீளம் 215 மில்லிமீட்டர், அகலம் 102.5, உயரம் 65. சாந்து 10 மில்லிமீட்டர். இரண்டு அகலமும் ஒரு சாந்தும் சேர்ந்தால் சரியாக ஒரு நீளம். அதனால்தான் மூலையில் ஒரு வரிசை இந்தப் பக்கம் ஓட, அடுத்த வரிசை அந்தப் பக்கம் திரும்பி அதன் மேல் பாதி ஏறி உட்கார முடிகிறது. இரண்டு சுவரும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வது அங்கேதான். உயரத்திலும் அதே கணக்கு: கல்லும் சாந்தும் சேர்ந்து 75, நான்கு வரிசைக்கு 300. ஆறடிச் சுவருக்கு 24 வரிசை. ஒரு மூலையில் ஒவ்வொரு சாந்தும் 2 மில்லிமீட்டர் தடித்துப்போனால் உச்சிக்கு வரும்போது 48 மில்லிமீட்டர் ஏறி நிற்கும், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். அந்த மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நூல் கட்டினால் நூலே சாய்வு. சாய்ந்த நூலைப் பார்த்து நாற்பது அடிக்கு எவ்வளவு வேகமாகக் கல் வைத்தாலும் சாய்வாகத்தான் வரும்.

அதனால்தான் கொத்தனார் மாமா முதல் நாள் முழுக்க மூலையில் நின்றார். முதல் வரிசையைச் சாந்து போடாமல் வெறுங்கல்லாக வைத்துப் பார்த்திருப்பார். மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று மூலைமட்டம் பிடித்திருப்பார். அது போதாது என்று ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று அளந்திருப்பார். ஒவ்வொரு வரிசையும் கிடைமட்டமா என்று பார்க்க ரசமட்டம், இரண்டு முகமும் செங்குத்தா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. படிக்கட்டு மாதிரி விட்டிருந்தது வேலை முடியாததால் இல்லை. நடுவிலிருந்து வரும் கல் அந்தப் படியில் ஏறிப் பிணைந்துகொள்ளத்தான் அப்படி விடுவார்கள். வீணாய்ப்போன நாள் இல்லை அது. அந்த நாள்தான் சுவர்.

அவரை நிறுத்திவிட்டு வேறு ஆட்களை வைத்து, மீதி முழுவதையும் "ஒரே நாளில்" முடித்ததாகக் குழுவில் பெருமையாகப் போட்டீர்கள். பச்சைச் சாந்தின் மேல் ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விதி. ஒன்றரை மீட்டர்தான் எல்லை. மேலே ஏறும் பாரம் கீழே இன்னும் இறுகாத சாந்தைப் பிதுக்கும், சுவர் வயிறு தள்ளும். நேற்று நான் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். கிழக்கு மூலைக்குப் பக்கத்தில் மேல் வரிசை ஒரு விரல் அளவு வெளியே நிற்கிறது. மாமா விட்ட படிகளில் இரண்டைத் தட்டி எடுத்துவிட்டு, செங்குத்தாக ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடுக்கில் உள்ளே சாந்தே இல்லை, என் வீட்டுச் சாவி முழுசாக உள்ளே போனது. அந்தச் சுவர் ஓரமாகத்தான் சனிக்கிழமை சமய வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருகிறார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும், நீ என்ன கொத்தனாரா" என்று கேட்பீர்கள். கேளுங்கள். என் அப்பா கொத்தனார். என் அம்மா சித்தாள். செராஸ் பக்கம் வரிசை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் பள்ளி விடுமுறை என்றால் நான் அவர்களோடுதான். இரண்டு செங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டச் சொல்வார் அப்பா. கணீரென்று கேட்டால் வெந்த கல், மந்தமாகக் கேட்டால் ஒதுக்கிவிடு. வெயிலில் காய்ந்த கல்லை நனைத்துத்தான் அம்மா எடுத்துக் கொடுப்பார். நனைக்காவிட்டால் கல் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும், சாந்து பொடியாய் உதிரும். நூலின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. அப்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று இன்னும் காதில் இருக்கிறது: "கல்லு நூலைத் தொடக்கூடாதும்மா. ஒரு மயிரிழை விடணும். ஒரு கல்லு தொட்டுச்சுன்னா நூல் தள்ளும், அடுத்த கல்லு எல்லாம் அந்தப் பொய்யப் பாத்துத்தான் நிக்கும்." எட்டு வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இன்னொருவர் எழுதியிருந்தார், "இப்பல்லாம் ஐபிஎஸ் வந்தாச்சு, சுவரைத் தொழிற்சாலையில செஞ்சு லோரியில கொண்டு வந்து நிக்க வைக்கிறாங்க, இன்னும் தூக்குக்குண்டு கதை எதுக்கு?" சரி. 2008-லிருந்தே பெரிய அரசாங்கத் திட்டங்களில், இந்தத் தொழிற்சாலைக் கட்டுமான முறை எவ்வளவு பயன்பட்டது என்று காட்டும் ஐபிஎஸ் (IBS) மதிப்பெண் 70 இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, எனக்கும் தெரியும். நல்லதுதான். ஆனால் நம் கோயில் சுவர் ஐபிஎஸ் இல்லை. உங்கள் சமையலறையை நீட்டிக் கட்டியது ஐபிஎஸ் இல்லை. காற்றுக் குமிழி அடைத்த லேசான கான்கிரீட் கல் வருகிறதே, அதில் சாந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். செங்கல்லில் ஒரு தவறைப் பத்து மில்லிமீட்டர் சாந்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டலாம். அதில் அந்த இடமும் கிடையாது. முதல் வரிசையும் மூலையும் பிசகினால் பிசகியதுதான். கல் புதிதாக வந்தால் மூலை பார்க்கிற கை தேவையில்லாமல் போய்விடாது.

"பக்தர்கள் காசு, சிக்கனமாகச் செய்ய வேண்டும்" என்கிறார் கோயில் நிர்வாகச் செயலவையில் இருக்கிற ஐயா ஒருவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இடித்துக் கட்டுவதற்கும் அதே பக்தர்கள் காசுதானே ஐயா?

அப்புறம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், திரித்து எழுதாதீர்கள். சுவரை முடித்த பங்களாதேஷ் தம்பிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இன்றைக்குள் முடி என்று தலைக்கு மேல் நின்றால் யார் என்ன செய்வார்கள்? அவர்களில் மூலை பார்க்கத் தெரிந்த அருமையான கொத்தனார்கள் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். நேரம் கொடுக்காதது நீங்கள்.

எனக்கு வலிப்பது அந்தச் சிரிப்புதான். நாம் இருக்கிற ஊர் எது? 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, மரமும் அத்தாப்பு ஓலையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டு என்று உத்தரவு வந்துதான் இந்த நகரம் எழுந்தது. நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் அங்கிருந்த செங்கல் சூளைகளால் வந்தது. 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு 40 லட்சம் செங்கல் போனதாகச் சொல்கிறார்கள். வடிவமைத்தவர்கள் பெயரைப் புத்தகத்தில் படிக்கலாம். மூலை பிடித்தவன் பெயர் எங்கே இருக்கிறது? அதற்கு எதிரே இருக்கிற மெர்டேகா சதுக்கத்துக்கு அப்பா எங்களைக் கூட்டிப்போனால், அந்தக் கட்டடத்தின் மணிக்கூண்டைப் பார்க்கவே மாட்டார். வளைவுகளுக்குக் கீழே போய் நின்று சாந்துக் கோட்டை விரலால் தடவிப் பார்ப்பார். "யாரோ பொறுமைசாலி" என்பார்.

பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் என்னைச் சேர்க்கும்போது விண்ணப்பப் பாரத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டார்கள். அப்பா "துக்காங் பத்து" என்று சொன்னார், மலாயில் கொத்தனார். எழுதியவர் "புரூஹ்" என்று எழுதினார், வெறும் கூலியாள். அப்பா குனிந்து பார்த்தார், எழுதத் தெரியாவிட்டாலும் அந்தச் சொல்லை அவருக்கு அடையாளம் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். வாளியில் சாந்து சுமந்த என் அம்மாவைப் புரூஹ் என்று எழுதினால்கூட ஒரு கணக்கு இருக்கிறது, அதுவும் கேவலம் இல்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு தொழில் இருந்தது. அந்தத் தொழிலுக்கு ஒரு பெயரும் இருந்தது.

"அப்படியென்றால் உன் தம்பியை ஏன் கணக்காளர் ஆக்கினீர்கள்?" இதையும் யாராவது கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். அப்பாதான் தம்பியைச் சாந்து பூசும் கரணையைத் தொடவே விடவில்லை. முட்டி தேய்ந்து, சிமெண்டு தின்ற விரல்களில் ஈரம் பட்டால் எரியும் என்பதால் மட்டுமா? உங்களைப் போன்றவர்கள் தன் மகனையும் இப்படிச் சிரிப்பீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்குப் பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை, உள்ளூரில் ஆளே இல்லை என்று அதே குழுவில் புலம்புகிறீர்கள். அந்த 27 முகங்களையும் பார்த்த பிறகு எந்தப் பிள்ளை வரும்?

காணொளியில் சொன்ன ஒன்று பொய். மாமா அந்த ஒரு நாள் கூலியை வாங்கவே இல்லை. நேற்றுக் காவலாளி அண்ணன்தான் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து, நூலையும் ரசமட்டத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். நான் நாலு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. 64 வயது அவருக்கு. என் அப்பாவிடம் வேலை பழகியவர்களில் கரணையை இன்னும் கீழே வைக்காதவர் அவர் ஒருவர்தான்.

காணொளியை எடுத்துவிடுங்கள். அவருடைய கூலியைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஆளிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். கிழக்கு மூலையைப் பிரித்துக் கட்டும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் உட்கார விடாதீர்கள். செயலவைக் கூட்டம் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். அப்பாவின் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.