டன்னுக்கு நாற்பது சென்ட்

1956-இல் அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில் பத்து மருத்துவமனைகளுக்குத் திறப்பு விழா நடந்தது. கென்டக்கியில் ஆறு, மேற்கு வர்ஜீனியாவில் மூன்று, வர்ஜீனியாவில் ஒன்று. கட்டியது அரசாங்கமும் இல்லை, திருச்சபையும் இல்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் நல நிதி.

மலைக்கிராமத்து ஆஸ்பத்திரி என்றாலே நல்ல மனசுள்ள யாரோ ஒருவர் வந்து சேவை செய்த கதையாகச் சொல்லித்தான் பழக்கம். அப்பலாச்சியாவிலும் அப்படி ஒருவர் உண்டு. மேரி பிரெக்கின்ரிட்ஜ் 1925-இல் கென்டக்கியின் லெஸ்லி மாவட்டத்தில் குதிரையில் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்சுகளை அமர்த்தினார். 1928-இல் ஹைடனில் ஆஸ்பத்திரியும் வந்தது. பெரிய மனுஷி, சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் நர்சுக்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். அதைக் கேட்காமல் மலை மருத்துவமனைகளின் வரலாறு புரியாது என்பது என் கட்சி.

சுரங்க ஊர்களில் அதற்கு முன்பு டாக்டர் இல்லாமல் இல்லை. கம்பெனி டாக்டர் இருந்தார். தொழிலாளியின் கூலியில் மாதாமாதம் பிடித்தம் செய்து அவருக்குக் கொடுப்பார்கள். பணம் தொழிலாளியுடையது, டாக்டரைத் தேர்ந்தெடுப்பது முதலாளி. சுரங்கத்தில் கால் நசுங்கியவன் நஷ்டஈடு கேட்டுப் போனால் அந்த டாக்டர் யார் பக்கம் பேசுவார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

1946-இல் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. அதிபர் ட்ரூமனின் அரசு சுரங்கங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸுடன் ஒப்பந்தம் போட்டது. வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் 5 சென்ட் நல நிதிக்குப் போக வேண்டும். கூடவே, கடற்படை மருத்துவ அதிகாரி ஜோயல் பூன் தலைமையில் ஒரு குழு சுரங்க ஊர்களை நேரில் ஆய்வு செய்தது. குடியிருப்புகளும் மருத்துவ வசதியும் பல இடங்களில் எவ்வளவு மோசம் என்பதை 1947-இல் வந்த அதன் அறிக்கை வெளிப்படையாகவே எழுதியது. 1952-க்குள் அந்த 5 சென்ட் 40 ஆனது. அந்தப் பணத்தில் எழுந்தவைதான் பத்து ஆஸ்பத்திரிகளும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டாக்டர்களை வெளியூர்களிலிருந்து அழைத்து வந்தார்கள். உள்ளூர் மருத்துவச் சங்கங்கள் இதைச் 'சோஷலிச மருத்துவம்' என்று சொல்லி, அப்படி வந்த டாக்டர்களை ஒதுக்கி வைக்கப் பார்த்தன. (பிழைப்பில் கைவைத்தால் கொள்கை தானாக வந்துவிடும்.)

இனிதான் எனக்கு மனசு ஆறாத பகுதி. நிதியைக் காப்பாற்ற லூயிஸ் சுரங்கங்களில் இயந்திரங்கள் வருவதை எதிர்க்காமல் விட்டார். ஆள் குறைந்தாலும் டன் குறையாது, டன் இருந்தால் பணம் வரும் என்பது கணக்கு. ஆள் குறைந்தது. டன்னும் சேர்ந்து குறைந்தது. ரயில்கள் டீசலுக்கு மாறின, வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. சிறிய சுரங்க முதலாளிகள் பலர் 40 சென்ட்டைக் கட்டாமல் ஏமாற்றினார்கள். முதலாளி கட்டாவிட்டால், நிதிச் செலவில் வைத்தியம் பார்க்கத் தொழிலாளிக்குச் சங்கம் கொடுத்த மருத்துவ அட்டை ரத்து! தப்பு செய்தவன் ஒருவன், தண்டனை இன்னொருவனுக்கு. லூயிஸை எனக்குப் பிடிக்கும், ஆனால் இதை மன்னிக்க முடியவில்லை.

1962-இல் நான்கு ஆஸ்பத்திரிகளை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. கென்டக்கியின் ஹேசார்ட் பக்கம் வேலையிழந்தவர்கள் கார்களில் கூட்டமாகச் சுரங்கம் சுரங்கமாகப் போய் மறியல் செய்தார்கள். வெடிவைப்பு, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தது. கடைசியில் பிரஸ்பிடீரியன் திருச்சபை முன்கை எடுத்து, மத்திய அரசும் பணம் கொடுத்து, 1963-இல் அப்பலாச்சியன் ரீஜனல் ஹாஸ்பிடல்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாகி அந்த ஆஸ்பத்திரிகளை ஏற்று நடத்தத் தொடங்கியது. சங்க அட்டை இருக்கிறதா என்று கேட்காமல் எல்லாருக்கும் வைத்தியம். என்னைப் பொறுத்தவரை அவை உண்மையிலேயே ஊர் ஆஸ்பத்திரிகள் ஆனது அப்போதுதான். அந்த அமைப்பு, பெயர் கொஞ்சம் மாறி, இன்றும் இயங்குகிறது.

அதற்காகச் சங்கப் பணம் வீணாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேற்கு வர்ஜீனியாவின் பெக்லி ஆஸ்பத்திரிக்கு 1962-இல் வேலைக்கு வந்தவர் டாக்டர் டொனால்ட் ராஸ்முசன். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாத தொழிலாளிகளுக்குக்கூட மூச்சு வாங்குவதைக் கண்டு, உடற்பயிற்சி செய்ய வைத்து ரத்தத்தில் ஆக்சிஜனை அளந்தார். நிலக்கரித் தூசியால் வரும் கரும் நுரையீரல் நோயைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கம்பெனி சம்பளம் வாங்கும் டாக்டர் இதைப் பேசியிருப்பாரா? 1969 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 சுரங்கத் தொழிலாளர்கள் இந்த நோய்க்கு நஷ்டஈடு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மாநிலச் சட்டம் வந்தது, அதே ஆண்டின் முடிவில் நாடு முழுவதற்குமான சுரங்கப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அந்த வேலைநிறுத்தத்துக்குச் சங்கத் தலைமை அழைப்பு விடுக்கவில்லை. அப்போது லூயிஸ் தலைவரும் இல்லை. தொழிலாளர்களே இறங்கினார்கள்.