கெட்டி மட்டும் பார்த்தால் போதாது
பழைய காருக்கு 20டபிள்யூ-50 என்ற கெட்டியான இன்ஜின் ஆயில் ஊற்றினால் போதும் என்கிறது ஆயில் மாற்றுவது பற்றிய கட்டுரை. கெட்டி சரி, துத்தநாகம்? தட்டை டேப்பெட் (வால்வைத் தள்ளும், உருளை இல்லாத தட்டையான பாகம்) உள்ள பழைய இன்ஜினில் கேம் லோப், அதாவது கேம் தண்டின் புடைப்பு, டேப்பெட்டோடு உரசியே ஓடும். அந்தத் தேய்மானத்தைத் தடுப்பது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம்தான். 2004-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் ஆயில் தரம் முதல், 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) உச்சவரம்பு. 20டபிள்யூ-50க்கு அந்த வரம்பு கிடையாது, ஆனாலும் எல்லா டப்பாவும் ஒன்றல்ல. தயாரிப்பாளரின் தரவுத்தாளில் பாஸ்பரஸ் 1000 முதல் 1200 பிபிஎம் இருக்கிறதா பாருங்கள்.

ஆயில் ஃபில்டர் படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டியிருந்தால் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ளதையே வாங்குங்கள். இல்லையென்றால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கடகடவென்று சத்தம் வரலாம். பேரிங் அதுவரை போதிய ஆயில் அழுத்தம் இல்லாமல்தான் சுற்றும். புது ஃபில்டர் மாட்டும் முன், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.