முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால்?
"சில வாரப் பயிற்சி கொடுத்தால் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களே கையடக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியில் வயிற்று ரத்தக்கசிவைக் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்கிறது கட்டுரை. தெரிந்தால் சரி, தெரியாவிட்டால்? போன வருஷம் தக்கலை பக்கம் என் மச்சினன் பைக்கில் இருந்து விழுந்தான். வெளியே முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து "ஒண்ணும் இல்ல" என்றார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது இடது தோள் வலிக்கிறது என்றான், முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. மறுபடி பார்த்தால் ஈரலுக்கும் கிட்னிக்கும் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை, கசிந்து சேர்ந்த ரத்தம். மண்ணீரல் கிழிந்திருக்கிறது! ரத்தம் ஓரளவு சேர்ந்த பிறகுதான் அந்தக் கறுப்பு தெரியுமாம். அதனால் பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது, 'படம் சுத்தமாக இருக்கிறது' என்று அசட்டையாக இருந்துவிடாதே என்பதைத்தான். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ஸ்கேன் பார்க்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்கிறார். களியக்காவிளையில் இருந்து மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கட்டும். வண்டியை நிறுத்தாமலே ஸ்கேன் பார்த்து, ஆபரேஷன் தியேட்டரையும் ரத்தத்தையும் தயாராக வைக்கச் சொல்லலாமே. ஆனால் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி ஸ்கேன் கருவியைப் பதிவு செய்தாக வேண்டும், யார் இயக்கலாம், கையடக்கக் கருவியை எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கும் விதி உண்டு. டாக்டர் அல்லாத ஊழியர் கையில் கொடுக்க அதைத் திருத்த வேண்டாமா? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.