நாலு எழுத்தும் ஓர் ஆத்தங்குடிக் கல்லும்

நாற்பத்தெட்டு வயதில் வயது வந்தோர் கல்வி, அதாவது பெரியவர்களுக்குக் கற்பிப்பது பற்றிய படிப்பில் சேர்ந்தேன். வெளியூர்ப் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். முதல் வகுப்பிலேயே ஆளுமை வகை கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள். விருந்தில் புதியவர்களிடம் பேசுவீர்களா, தெரிந்தவர்களிடம் மட்டுமா? காரைக்குடிக் கல்யாண வீடுகளில் பந்தி விசாரித்தே வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது!

வகை ஐ.என்.டி.ஜே. (INTJ) என்று நாலு எழுத்தாக வந்தது. முதல் எழுத்து ஐ என்றால் உள்முகமாம், அதாவது ஒதுங்கியிருக்கிற ஆள். நாலு மாதம் கழித்து மறுபடி எழுதினேன், வெளிமுகம் ஆகிவிட்டேன். முதல் தடவை எனக்குத் தலைவலி, அவ்வளவுதான்.

உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதிய நூலை வைத்துக் கேதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை இது. உள்முகம்-வெளிமுகம் போல நாலு இரட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, மொத்தம் பதினாறு பெட்டிகள். இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. அது எனக்குக் குறையாகப் படவில்லை. உயரத்தை நெட்டை, குட்டை என்று இரண்டே பெட்டியில் அடைப்பதுபோல் குணத்தையும் அடைப்பதுதான் குறை. நம்மில் பெரும்பாலோர் நடுவில் நிற்கிறோம். பிரிக்கிற கோடும் நடுவிலேயே விழுந்தால் கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்து மாறிவிடும்.

சரி, விளையாட்டு என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த எழுத்தை வைத்தே உள்முகத்தாருக்கு வாசிப்பு, வெளிமுகத்தாருக்கு விவாதம் என்று எங்களைப் பிரித்தார்கள். ஒவ்வொருவரின் கற்றல் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாக ஏறும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008லேயே அலசி எழுதியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த தாளே வயது வந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் பற்றி. பெரியவர்கள் அனுபவ மூட்டையோடு வருகிறார்கள், எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்தால்தான் படிப்பார்கள் என்றவர். பெரியவர் வழி, பிள்ளைகள் வழி என்று 1970இல் எதிரெதிராக நிறுத்தியதை 1980 பதிப்பில் அவரே தளர்த்திக்கொண்டார். அந்த மனுஷனை மூன்று மணி நேரம் ஸ்லைடு போட்டு நடத்தினார்கள். எங்கள் மூட்டையை ஒருவரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

சிங்கப்பூரில் கான்கிரீட் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்து வீட்டு அண்ணன் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூப்போட்ட கல் செய்யப் பழகுகிறார். கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயக் கலவை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டு மணல் தூவி, அப்புறம்தான் ஈரக் கலவை. இவர் பழைய பழக்கத்தில் ஈரக் கலவையை நேரே கொட்டிவிட்டார். பூவெல்லாம் கலங்கிப்போச்சு. மேஸ்திரி திட்டவில்லை. "அங்க தண்ணி என்ன கணக்குல விடுவீங்க?" என்று கேட்டார். அண்ணன் சொல்லச் சொல்ல, "இங்க சாயத்தோட ஈரத்தை அந்த உலர்ந்த தூள்தான் உறிஞ்சணும்ணே" என்றார். அடுத்த கல்லில் பூ நின்றது. அண்ணன் உள்முகமா வெளிமுகமா என்று மேஸ்திரிக்கு இன்றுவரை தெரியாது.

இதைப் பயிற்சி அறிக்கையில் எழுதினேன். "மேற்கோள் இல்லை" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. ஆண்டுத் தேர்வில் பதினாறு வகைகளையும் விளக்கச் சொல்லிப் பத்து மதிப்பெண். எழுதினேன், வேறென்ன செய்ய.