இணைக்க முடியவில்லையா? ஏன் முடியவில்லை என்று சொல்லித் தொலை!

மூன்று இரவு போச்சு. நண்பர்கள் சேர்ந்து பேச ஒரு கருத்துக்களம் வேண்டும், வீட்டில் சும்மா கிடக்கும் லினக்ஸ் கணினியில் நிறுவிவிடலாம் என்று உட்கார்ந்தேன், அதற்கு மூன்று இரவு. மென்பொருளின் பெயரைச் சொல்லவில்லை, இதே குணத்தோடு இன்னும் எத்தனையோ இருக்கின்றன. நிறுவுவது கஷ்டமாக இருந்தது என்பதில் எனக்குக் கோபமே இல்லை. கஷ்டமான வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். எங்கே கோளாறு என்று கணினிக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தும், நடுவில் நின்று மென்பொருளை அமைத்துத் தரும் இந்த நிறுவி நிரல் அதை என்னிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டதே, அதில்தான் வயிறு எரிகிறது.

முதல் இரவு 403 என்ற பிழை எண். பிரவுசரில் 'அனுமதி இல்லை' என்று ஒற்றை வரி. கருத்துக்களத்தின் ஃபோல்டரை என் ஹோமுக்குள், அதாவது என் சொந்த ஃபைல்கள் இருக்கும் இடத்தில் வைத்து, பக்கங்களைப் பிரவுசருக்குக் கொடுக்கும் சர்வர் மென்பொருளான அப்பாச்சியை அங்கே திருப்பியிருந்தேன், பழைய வழிகாட்டிகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான் வைத்திருக்கும் லினக்ஸ் வகையான உபுண்டுவில் 2021-இல் வந்த 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டரின் பெர்மிஷன் 750, வெளியாருக்கு இடமே இல்லை. அதற்கு முன்பு 755, வெளியாரும் உள்ளே பார்க்கலாம். அதாவது அப்பாச்சி ஓடுகிற பயனர் என் ஹோமுக்குள் எட்டிப் பார்க்கவே முடியாது. உதவி கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கச் சொல்லி: "எல்லாத்துக்கும் 777 போடுங்க." போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எப்படி நடக்கும்? தெருக்கதவு பூட்டியிருக்கும்போது அடுக்களைக் கதவைக் கழற்றி வைத்து என்ன பயன்?

கடைசியில் அப்பாச்சி தன் பிழைகளைக் குறித்து வைக்கும் எரர் லாகைத் திறந்தால் அங்கே நேர்மையாக எழுதியிருக்கிறது, பாதையில் ஏதோ ஒரு கட்டத்தில் நுழையும் அனுமதி இல்லை என்று. அப்பாச்சி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காரணத்தைக் காட்டாமல், நிர்வாகிக்கு மட்டும் லாகில் காட்டுகிறது. அதுதான் முறை. ஃபோல்டரை ஹோமிலிருந்து எடுத்து, இணையத் தளங்களுக்கென்று கணினியில் இருக்கும் இடத்துக்கு மாற்றினேன், பத்தே நிமிடத்தில் நிறுவியின் முதல் பக்கம் வந்துவிட்டது.

இந்த 777 பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கருத்துக்களத்தின் கான்ஃபிக் ஃபைலில்தான் தரவுத்தளத்தின் பாஸ்வேர்டு இருக்கிறது. அதை அந்தக் கணினியில் இருக்கும் எந்தப் பயனரும், எந்த நிரலும் படிக்கலாம், திருத்தலாம், கருத்துக்களம் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பியில் தன் சொந்த வரிகளையே அதற்குள் எழுதி வைக்கலாம் என்று திறந்து விடுவதுதான் 777. புதிதாக வருகிறவனுக்கு அதை முதல் மருந்தாகச் சொல்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஃபைலின் உரிமையாளர் யார், அப்பாச்சி எந்தப் பயனராக ஓடுகிறது என்று கேளுங்கள், அது போதும்.

இரண்டாம் இரவு, பிஹெச்பியை மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல்ஐ என்ற துணைநிரல் இல்லை என்றது நிறுவி. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் பிஹெச்பியிடம் கேட்டால் இருக்கிறது என்கிறது, பிரவுசரில் இல்லை என்கிறது. நான் நாலு தடவை அழித்து நாலு தடவை நிறுவினேன். விஷயம் என்னவென்றால் உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மேம்படுத்தியபோது டெர்மினல் பிஹெச்பி 8.3-க்குப் போய்விட்டது, அப்பாச்சியோ பழைய 8.1-ஐயே பிடித்துக்கொண்டிருந்தது. நான் சேர்த்தது எல்லாம் 8.3-க்கு. 'நான் ஓடுவது 8.1-இல், அதில்தான் இது இல்லை' என்று நிறுவி ஒரு வரி கூடுதலாகச் சொல்லியிருந்தால் அந்த இரவு மிச்சம். தான் எந்தப் பதிப்பில் ஓடுகிறோம் என்று அதற்குத் தெரியாதா என்ன?

சரி, அதையும் தாண்டினேன். மூன்றாம் இரவுதான் உச்சம். பயனர் என்ற இடத்தில் ரூட் (எல்லா உரிமையும் உள்ள தலைமைப் பயனர்) என்று போட்டு, மற்ற தரவுத்தள விவரங்களையும் கொடுத்து அடுத்து என்று அழுத்தினால் சிவப்புக் கட்டத்தில்: "தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை. விவரங்களைச் சரிபார்க்கவும்." சரிபார்த்தேன். பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்த்துத் தட்டினேன். மாற்றினேன். மறுபடி மாற்றினேன். அதே சிவப்புக் கட்டம். டெர்மினலில் சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டு அதே ரூட் பயனராக நுழைந்தால் கதவு திறக்கிறது, பாஸ்வேர்டே கேட்கவில்லை. பைத்தியம் பிடிக்காத குறை.

இரவு ஒன்றரை மணிக்கு நானே மூன்று வரி பிஹெச்பி எழுதி நேராக மைஎஸ்கியூஎல்லிடம் இணைத்துப் பார்த்தேன். உடனே பதில்: 1698, ரூட்டுக்கு அனுமதி மறுப்பு. அந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல்லின் ரூட் பயனர் பாஸ்வேர்டால் நுழைவதில்லை, லினக்ஸிலேயே நீ ரூட்டாக இருக்கிறாயா என்று சாக்கெட் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாகப் பார்த்து உள்ளே விடுகிறது. அப்பாச்சி ரூட்டாக ஓடுவதில்லை. ஆகவே நான் ஆயிரம் பாஸ்வேர்டு போட்டாலும் திறக்காது. கருத்துக்களத்துக்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்கி, அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை.

இப்போது சொல்லுங்கள். பாஸ்வேர்டு தப்பு என்றால் 1045. ரூட் இந்த வழியில் வரமுடியாது என்றால் 1698. அந்தப் பெயரில் தரவுத்தளமே இல்லை என்றால் 1049. மைஎஸ்கியூஎல் ஓடவில்லை அல்லது சாக்கெட் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றால் 2002. நாலும் நாலு நோய், நாலுக்கும் நாலு மருந்து. மைஎஸ்கியூஎல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, எண் சொல்லி எடுத்துக் கொடுக்கிறது. பிஹெச்பி 8.1-இலிருந்து இணைப்பு தோற்றால் மைஎஸ்கியூஎல்ஐ தானாகவே எக்செப்ஷன் (நிரலுக்குள் எழும் பிழை அறிவிப்பு) எறிகிறது, எண்ணும் வாக்கியமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதை ஒருவர் மெனக்கெட்டுப் பிடித்து, உள்ளே இருந்ததைக் கீழே கொட்டிவிட்டு, 'விவரங்களைச் சரிபார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார். ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டிருந்தாலே எனக்கு உதவியாக இருந்திருக்கும்!

பாதுகாப்புக்காக மறைக்கிறோம் என்று வருவார்கள். நிறுவும் நேரத்தில் திரைக்கு முன்னால் இருப்பவன் யார்? தரவுத்தளத்தின் பாஸ்வேர்டையே கையில் வைத்துக்கொண்டு தட்டுபவன். அவனிடம் எதை மறைக்கிறீர்கள்? சரி, திரையில் வேண்டாம், லாகிலாவது எழுதுங்கள். அதுவும் இல்லை. நிறுவியின் லாக் காலியாகக் கிடந்தது, மூன்றாம் இரவு முழுக்கப் பார்த்தேன். என்னைப்போல எத்தனை பேர் இரண்டாம் இரவிலேயே, நமக்கு லினக்ஸ் ஒத்துவராது என்று தன் மீதே பழியைப் போட்டுக்கொண்டு விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்? அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இரண்டே காலுக்குக் கருத்துக்களம் எழுந்து நின்றது. நிறுவி ஃபோல்டரை நீக்கினேன், வெளியார் படிக்க முடியாதபடி கான்ஃபிக் ஃபைலை 640-க்கு இறக்கினேன். அப்புறம் 'புதிய தலைப்பு' என்பதை அழுத்தி, முதல் பதிவாக அந்த நாலு எண்களையும் அவற்றின் அர்த்தத்தையும் எழுதி, மேலேயே நிற்கும்படி பின் செய்துவிட்டுத்தான் படுக்கப் போனேன்.